மகட்பாற் காஞ்சியில் மறுக்கப்பட்ட விலை

புறநானூற்றின் பிற்பகுதியிலே, 336ஆம் பாட்டு முதல் 355ஆம் பாட்டு வரை, ஏறத்தாழ ஒரே நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட செய்யுட்கள் ஒருங்கே தொகுக்கப்பெற்றுள்ளன. வலிமிக்க வேந்தன் ஒருவன் சிற்றூர்த் தலைவன் ஒருவனுடைய மகளை மணஞ்செய்து தருமாறு வேண்டுகின்றான். முதுகுடியிற் பிறந்த தந்தையும் தமையன்மாரும் மறுக்கின்றனர். வேந்தனது படை ஊரைச் சூழ்ந்து நிற்கின்றது. போர் தொடங்குமுன் உள்ள அந்தச் சிறு பொழுதையே புலவர் பாடுகின்றார். இத்துறையை மகட்பாற் காஞ்சி என்பர்.

இப்பாட்டுக்களை மறக்குடியின் மானவுணர்வுக்குச் சான்றாகக் காட்டுதல் நம்மிடையே நெடுங்கால வழக்கம். வகுப்பறைகளிலும் மேடைகளிலும் அங்ஙனமே கூறப்படுகின்றது. பெருஞ்செல்வம் தருவதாகக் கூறியும் மகளை விலைப்பொருளாக்க இசையாத வீரக் குடியின் பெருமையை இவை பாடுகின்றன என்பது அக்கூற்றின் சாரம். அதிலே பாதி உண்மை உண்டு. எஞ்சிய பாதியைக் காண்பதற்குப் பாட்டுக்களைச் சற்று நின்று படித்தல் வேண்டும். புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டளவில் நின்றுவிடுகின்றமையால், இப்பகுதியில் நமக்குக் கைகொடுக்கப் பழைய உரையாசிரியர் எவருமிலர். 1894ஆம் ஆண்டில் இந்நூலைப் பதிப்பித்த சாமிநாதையரும், பிற்காலத்தில் முழுமைக்கும் உரைகண்ட ஒளவை துரைசாமிப்பிள்ளையும் அமைத்த வழியிலே நாமாகவே நடந்து பார்க்கவேண்டியிருக்கின்றது.

இலக்கண நூல்கள் இத்துறையை எவ்வாறு வரையறுத்தன என்பதிலிருந்தே தொடங்கலாம். புறப்பொருள் வெண்பாமாலையின் ஆசிரியர் ஐயனாரிதனார், மகளைக் கேட்ட வேந்தனோடு மாறுபட்டு நிற்றலையே இத்துறையின் இலக்கணமாகக் கொண்டார். அவர் கண்ணுக்குத் தெரிவது எதிர்த்து நிற்கும் நிலை. தொல்காப்பியரோ, ஒத்து மேல்வந்த வேந்தனுக்கு மகட்கொடை நேர முதுகுடியினர் ‘அஞ்சிய’ பகுதி என்று கூறுகின்றார். அஞ்சுதல் என்னும் அச்சொல் ஈண்டு உற்றுநோக்கற்பாலது. வேந்தனது வாளுக்கு அஞ்சினர் என்றால் மகளைக் கொடுத்திருப்பர். கொடுக்கவே அஞ்சினர் என்பதுதான் சூத்திரத்தின் கருத்து. கொடுத்தல் என்ற எண்ணத்தையே மனத்திற் கொள்ளக் கூசிய ஓர் அச்சம் அது. வீரம் என்று ஐயனாரிதனார் கண்ட இடத்திலே கூச்சத்தைத் தொல்காப்பியர் கண்டார். அவர் காஞ்சித் திணையை உலக நிலையாமையோடு சேர்த்து வைத்தார் என்பதையும் மறத்தலாகாது. நிலையாமையைப் பேசும் திணையினுள்ளே மகள் மறுத்த கதை ஏன் வந்தது என்பதற்கு அழியப்போகும் ஊர்களே விடை.

சில பொருள்களை மாற்றுப் பண்டமாகத் துலாத்தில் வைப்பதற்கே மனிதமனம் கூசுகின்றது. நிறுத்துப் பார்த்து இலாபமில்லை என்று கண்டு மறுத்தல் வேறு. நிறுப்பதே இழிவு என்று துலாத்தைத் தள்ளிவிடுதல் வேறு. பரணர் பாடிய 343ஆம் பாட்டு இரண்டாவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சேரன் குட்டுவனுடைய முசிறித் துறைமுகத்தின் வளமெல்லாம் அங்கே அடுக்கப்படுகின்றது. மீனை விற்றுப் பெற்ற நெற்குவியல், மனைகளிற் குவித்த மிளகு மூடைகள், மரக்கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்த்தல், மலைப்பொருளும் கடற்பொருளும் கலந்து வாரி வழங்கப்படுதல் எனச் சந்தைக் காட்சியாகவே பாட்டு விரிகின்றது. இத்துணைச் செல்வத்தைப் பணிந்து வந்து கொடுப்பினும், உயர்வு ஒவ்வாதாரை இவள் வரைந்துகொள்ளாள் என்று தந்தை மறுத்துவிடுகின்றான். பருந்து பறந்து இளைத்து நடுமதிலில் தங்கும் அளவு உயர்ந்த அரண், படைகள் சூழ்ந்த அந்நெடிய ஊர், இனி வருந்துமோ என்ற ஐயத்தோடு பாட்டு முடிகின்றது.

பரணர் சந்தையை இவ்வளவு விரித்துப் பாடியதற்குக் காரணம் உண்டு. விலை ஏற ஏற மறுப்பும் இறுகுகின்றது என்பதை அவர் காட்டுகின்றார். பொருளியலறிவு இதற்கு நேர்மாறானதையே எதிர்பார்க்கும். ஆயினும் நம் காலத்து ஆய்வொன்று பரணர் பக்கமே நிற்கின்றது. சுவிற்சர்லாந்தின் வொல்ஃபன்சீசன் என்னும் ஊரையண்டி அணுக்கழிவைப் புதைக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டபோது, புரூனோ ஃபிறை, ஃபீலிக்ஸ் ஓபர்ஹோல்ற்சர் கீ என்னும் பொருளியலறிஞர் இருவர் 1993ஆம் ஆண்டில் அவ்வூர் மக்களை வினவினர். நாட்டுக்காக அதனை ஏற்பீர்களா என்றபோது நூற்றுக்கு 51 பேரளவில் இசைந்தனர். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் பணம் தரப்படும் என்றபோது இசைந்தவர் நூற்றுக்கு 25 பேரளவாகக் குறைந்தனர். பணம் வந்ததும் கேள்வியின் இயல்பே மாறிவிட்டது. கடமையாக ஏற்றிருக்கக்கூடியதை விற்பனையாகச் செய்ய அவர்கள் விரும்பவில்லை. முசிறியின் பொன்னைக் காட்டிய வேந்தனும் இத்தகைய பிழையையே செய்தான் போலும்.

இதுவரை வழக்கமான விளக்கத்தோடு நமக்குப் பெரிய பிணக்கு இல்லை. பிணக்கு தொடங்கும் இடம், துலாத்தின் மறுதட்டில் உண்மையாக இருந்தது என்ன என்று கேட்கும்போதுதான். 345ஆம் பாட்டிலே தமையன்மார் செல்வத்தை வேண்டாராய்ப் போரையே விரும்பி, நிகரல்லாதார்க்குப் பெண் தருதல் இல்லை என்கின்றனர். அவர்கள் பேச்சிலே ஒரு தட்டில் மகளும் மறுதட்டில் செல்வமும் இருக்கின்றன. அப்படி வைத்தால் மறுப்பது எளிது. மறுப்பதில் புகழும் உண்டு. ஆனால் அதே பாட்டின் இறுதியிலே, பருத்தி வேலி சூழ்ந்த இந்த நல்ல ஊர் என்னாகுமோ என்று புலவர் ஏங்குகின்றார். அவர் பார்வையிலே மறுதட்டில் செல்வம் இல்லை, ஊர் இருக்கின்றது. 341ஆம் பாட்டில் இது இன்னும் வெளிப்படை. நாளை இவளை மணத்தல் ஒன்று, அன்றேல் புண்பட்ட உடம்போடு மீளா உலகம் புகுதல் ஒன்று என்று வஞ்சினங் கூறி வேந்தன் படைக்கலம் ஏந்திவிட்டான். தண்ணிய வயல் சூழ்ந்த ஊர் தன் அழகை இழக்கப்போகின்றது; களிறுகள் பொருது கலக்கிய குளத்தைப்போல் ஆகப்போகின்றது.

அடைநெடுங்கல்வியார் பெயரால் வழங்கும் 344ஆம் பாட்டு இவ்வாராய்ச்சிக்கு உயிர்நாடி. சிதைவுற்றுக் கிடைத்த பாட்டாயினும் அதன் கருத்துத் தெளிவானது. நிறைந்த விழுப்பொருளைத் தந்து கொள்ளுதல் ஒன்று. புகையெழத் தீயைப் பரப்பிப் பகைசெய்து, பண்பில்லாத ஆண்மையைக் காட்டிக் கொள்ளுதல் ஒன்று. இவ்விரண்டில் ஒன்று நிகழாதொழிதல் அரிது என்று புலவர் கூறுகின்றார். வேந்தனுடைய கொடையும் அவனுடைய தீயும் ஒரே கையின் இரு பக்கம் என்பதை இதனினும் சுருங்கச் சொல்ல இயலாது. செல்வத்தை மறுத்தவர் தீயைத் தெரிந்துகொண்டனர் என்றாகின்றது. ஆனால் அவர்கள் நாவில் தீயைப்பற்றிய சொல் எழவில்லை.

இந்த இடமாற்றத்தைப்பற்றி உளவியலார் அண்மைக்காலத்தில் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க அறிஞர் பிலிப் டெட்லொக் தம் உடனாய்வாளரோடு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் மருத்துவமனை மேலாளர் ஒருவரின் கதையைச் சிலரிடம் படிக்கக் கொடுத்த செய்தி வருகின்றது. ஒரு கதையில், சிறுவன் ஒருவனுக்குப் பத்து இலட்சம் டொலர் செலவில் ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்வதா, அப்பணத்தை மருத்துவமனையின் பிற தேவைகளுக்குச் செலவிடுவதா என்று அவர் முடிவு செய்யவேண்டும். மற்றொரு கதையில், இரு சிறுவருள் எவனைக் காப்பது என்று முடிவு செய்யவேண்டும். முதற்கதையில் மேலாளர் நெடிது சிந்தித்தபின் சிறுவனையே காப்பாற்றினும் படித்தோர் அவரை வெறுத்தனர், சிந்தித்ததே குற்றமாயிற்று. இரண்டாவதில் நெடிது சிந்தித்தவரையே மதித்தனர். உயிரையும் பணத்தையும் நிறுத்தல் தீட்டு; உயிரையும் உயிரையும் நிறுத்தல் துயரம். முதலாவதைக் கண்டு சினமும் இரண்டாவதைக் கண்டு இரக்கமும் தோன்றுகின்றன. ஆகவே, ஒரு துயரத் தெரிவைத் தீட்டுத் தெரிவாக மாற்றிச் சொல்லிவிட்டால் சிந்திக்கும் பாரம் நீங்கிவிடும். மகட்பாற் காஞ்சியின் தமையன்மார் செய்தது இதுவே. மகளா ஊரா என்ற கேள்வியை மகளா பொன்னா என்று மாற்றிக்கொண்டனர். அவர்கள் பொய் கூறினர் என்று சொல்லமாட்டோம்; பொன் உண்மையிலேயே நீட்டப்பட்டது. பொன்னைப் பார்த்துச் சினந்த கண் அதன் பின்னால் நின்ற ஏணிகளைப் பாராது விட்டது.

இனிப் புலவரின் நிலையை நோக்குவோம். ஊருக்காக ஏங்குகின்றவர் அவர்தாம். ஆயின், இத்தொகுதியிலே மகளைக் கொடுத்துவிடு என்று தந்தைக்கு அறிவுறுத்தும் குரல் கேட்பதில்லை. வேந்தர்களுக்கே அறிவுரை கூறி இடித்துரைத்த மரபில் வந்த புலவர்கள் இங்கே வாயடங்கியது வியப்பு. கோவூர்கிழார் போல்வார் முற்றுகையின் நடுவே புகுந்து சமாதானம் பேசிய செய்திகள் இந்நூலிலேயே உள்ளன. மகட்பாற் காஞ்சியில் அது நிகழவில்லை. ஏனெனில், அவ்வறிவுரையைச் சொல்லப் புகின் புலவரும் பெண்ணைத் துலாத்தில் வைத்தவராவார். அந்தக் கூச்சம் அவரையும் பற்றியிருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்ல இயலாத மனம் வேறு வழிகளிற் புகுந்து வெளிப்படுவதையே பாட்டுக்களிற் காண்கின்றோம்.

அவ்வழிகள் விசித்திரமானவை. 336ஆம் பாட்டிலே பரணர் ஒவ்வொருவராகப் பார்க்கின்றார். வேந்தன் கடுஞ்சினங் கொண்டிருக்கின்றான். தந்தை செய்யவேண்டியதைச் செய்தானல்லன். யானைகள் காவல்மரங்களில் தங்கவில்லை. மறவர் வாய்மூடி நிற்கின்றனர். வாச்சியங்கள் எழுப்பும் ஒலி இன்னதென இசைப்போர்க்கே விளங்கவில்லை. ஊர் பெரிதும் மயங்கிக் கிடக்கின்றது. இவற்றையெல்லாம் கூறிய பின், குற்றத்தை எங்கே சுமத்துகின்றார்? பெண்ணைப் பெற்று வளர்த்த தாயின் மேல்! அறமில்லாதவள், பண்பில்லாதவள், மகளின் அழகோடு பகையையும் சேர்த்து வளர்த்துவிட்டாள் என்கின்றார். 348ஆம் பாட்டிலோ, இவளை அவள் தாய் ஈனாதிருந்தால் எம் பெருந்துறை மரங்கள் களிறுகள் கட்டப்பட்டு வருந்தியிரா என்கின்றார். 349ஆம் பாட்டு, மரத்திற் பிறந்த சிறுதீ அம்மரத்தையே எரிப்பதுபோல் இவள் பிறந்த ஊருக்கே அணங்காயினாள் என்கின்றது.

தாயைப் பண்பில்லாதவள் என்றது அநீதி என்பதில் ஐயமில்லை. அதனை உரையாசிரியர்கள் சிலர் அழகைப் புகழும் ஓர் உத்தி என்று மென்மையாக்குவர். அம்மென்மையை நாம் ஏற்கவில்லை. புலவரின் உள்ளே மூண்ட சினம் செல்லவேண்டிய இடத்திற்குச் செல்ல வழியின்றித் தாயின் மேற் பாய்கின்றது என்பதே பொருத்தம். தெரிவு செய்யுமாறு யாரையும் வற்புறுத்த இயலாமையால், தெரிவே இல்லாத ஓர் உலகை அவர் விரும்புகின்றார்: அவள் பிறவாதிருந்தாள் எனின் எவ்வளவு நன்று! மரங்களுக்காக இரங்குவதும் அவ்வாறே. ஊரார் அழிவர் என்று சொல்லின், அவ்வழிவைத் தடுக்க என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழும். மரங்கள் வருந்தின என்று சொன்னால் அக்கேள்வி எழாது.

இவை வாய்மொழி மரபில் வந்த வாய்பாடுகள். ஒவ்வொரு சொல்லிலும் ஆழங் காணலாகாது என்று தடை கூறுவாரும் உளர். பேராசிரியர் க. கைலாசபதி 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல் சங்கச் செய்யுட்களின் வாய்பாட்டுத் தன்மையை விரிவாக நிறுவியது. அதனை மறுக்கவேண்டியதில்லை. ஒரு சமுதாயம் தன் கூச்சத்தை வாய்பாடாக்கிக்கொள்ளும் வரையில் அக்கூச்சம் பலமுறை நேர்ந்திருக்கவேண்டும். ஊர் என்னாகுமோ என்ற முடிபு பாட்டுத்தோறும் திரும்ப வருவது அதன் வலிமையையே காட்டும்.

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்க்கு இங்கே ஷேக்ஸ்பியரின் ‘மெஷர் ஃபோர் மெஷர்’ நாடகம் நினைவுக்கு வரும். 1604ஆம் ஆண்டு டிசெம்பரில் அரசவையில் நடிக்கப்பெற்ற நாடகம் அது. மரணதண்டனை பெற்ற தமையனைக் காக்கவேண்டுமாயின் தன் கற்பைத் தரவேண்டும் என்று ஆளுநன் ஆஞ்செலோ கேட்க, இசபெல்லா மறுக்கின்றாள். அவளுக்குப் பணம் காட்டப்படவில்லை, உயிரே காட்டப்பட்டது. மேலும், சாகவேண்டிய கிளோடியோ மேடையிலே நின்று, சாவுக்கு அஞ்சி, தங்கையிடம் மன்றாடுகின்றான். மறுப்பின் செலவு கண்ணெதிரே பேசுகின்றது. இது ஷேக்ஸ்பியரின் துணிவு. ஆயின் பின்னர், மாறுவேடத்தில் உலாவும் கோமகன் ஒருவன் வந்து, இசபெல்லாவுக்குப் பதிலாக மரியானாவை அனுப்பும் சூழ்ச்சியால் எல்லாரையும் காப்பாற்றிவிடுகின்றான். தன்னால் எழுப்பப்பட்ட வினாவுக்கு நாடகம் விடை கூறாது ஒளித்துக்கொள்கின்றது என்றே நமக்குத் தோன்றுகின்றது. நம் புலவர்களிடம் அத்தகைய கோமகன் இல்லை. மதிலிற் சார்த்திய ஏணி சார்த்தியபடியே நிற்கப் பாட்டு முடிந்துவிடுகின்றது.

இசபெல்லா தானே மறுத்தாள். மகட்பாற் காஞ்சியின் பெண் என்ன நினைத்தாள்? ஒரு பாட்டிலும் அவள் வாய்திறக்கவில்லை. 343ஆம் பாட்டிலே உயர்வு ஒவ்வாதாரை இவள் வரைந்துகொள்ளாள் என்று தந்தையே அவள் பெயராற் பேசுகின்றான். 345ஆம் பாட்டிலே நிகர் பார்ப்போர் தமையன்மார். மறுப்பின் காரணம் அவள் விருப்பமின்மை அன்று, குடியின் ஒப்பின்மை. அவளை விலைக்குத் தரமாட்டோம் என்ற உறுதியால் அவள் உரிமைப்பொருள் என்ற நிலை மாறிவிடவில்லை. விற்கலாகாத உடைமை என்ற உயர்ந்த படியில் வைக்கப்பட்டாள், அவ்வளவே. தீ என்றும் அணங்கு என்றும் அவளைச் சுட்டிய புலவரும் இதில் விலக்கல்லர்.

விலையைக் கண்டு கூசும் மனம் விலையை ஒழிப்பதுமில்லை. பல வேளைகளில் அதன் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும். இதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலே சீதனம் மகளுக்குரிய சொத்தாகக் கூறப்பட்டது. பிற்கால யாழ்ப்பாணத்திலே மணமகன் வீட்டார் கையிற் கொடுக்கும் ரொக்கத்திற்கு ‘டொனேசன்’ என்று பெயர் வழங்கலாயிற்று. தமிழில் நன்கொடை என்றும் கூறுவர். கேட்டு வாங்கப்படுவதும், தொகை குறைந்தாற் பேச்சு முறிவதுமாகிய ஒன்றிற்கு இதனினும் நாணம் மிக்க பெயர் சூட்ட இயலாது. முசிறிச் செல்வத்தை மறுத்த தந்தையைப் புகழ்ந்து பேசும் நம் மேடைகளில் இதுவும் சிறிது பேசப்படலாம்.

பெண்ணின் குரல் கேட்கும் இடம் ஒன்று புறநானூற்றில் உண்டு. மகட்பாற் காஞ்சிக்கு வெளியே உண்டு. பறம்புமலைத் தலைவன் பாரியின் மகளிரை மூவேந்தரும் மணம் வேண்ட, அவன் மறுக்க, அவர்கள் மலையை முற்றுகையிட்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. கபிலரின் 109ஆம் பாட்டு அம்முற்றுகையின் நடுவே எழுகின்றது. உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை அது; உங்கள் யானையும் தேரும் வாளும் அதைக் கொள்ளமாட்டா; ஆயினும் கொள்ளும் வழியை யான் அறிவேன்; யாழை மீட்டி, விறலியர் பின்வர, ஆடியும் பாடியும் செல்லுங்கள்; நாட்டையும் குன்றையும் ஒருங்கே தந்துவிடுவான் என்கின்றார். 110ஆம் பாட்டில், பறம்பின் முந்நூறு ஊரையும் பரிசிலர் பெற்றுவிட்டனர், எஞ்சியிருப்பன யாமும் பாரியும் குன்றுமே என்கின்றார்.

மகட்பாற் காஞ்சிப் புலவர் தொடத் தயங்கிய முடிச்சை நகைச்சுவையோடு அவிழ்த்தவர் கபிலர். விலைக்கும் வாளுக்கும் கிடையாத ஒரு மலை பரிசிலாகக் கிடைக்கும் என்பதில் முரண்பாடு ஒன்றுமில்லை. பாரிக்கு மலை அருமையானதன்று. கொடுக்கும் முறையே அருமையானது. ஈவதற்குத் தடையில்லை, ஈடாகத் தருவதற்கே தடை. ஆயினும், இந்த நகைச்சுவையிலும் மகளிரைப்பற்றிய பேச்சு இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். நாடு கிடைக்கும், குன்று கிடைக்கும் என்றவர், வேந்தர் கேட்டதாகச் சொல்லப்படுவதைப்பற்றி மௌனமாகின்றார்.

பாரி கொல்லப்பட்டான். 112ஆம் பாட்டு அவன் மகளிர் பாடியது. சென்ற திங்களின் நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் தம்மிடம் இருந்தது. இத்திங்களின் நிலவில் இரண்டும் இல்லை என்பது அதன் பொருள். ஐந்தடிகளுக்குள் அடங்கும் அப்பாட்டிலே மானத்தைப்பற்றியோ குடிப்பெருமையைப்பற்றியோ ஒரு சொல்லுமில்லை. யாருக்காகப் போர் நிகழ்ந்ததாகக் கூறப்படுகின்றதோ அவர்கள் இழப்பை மட்டுமே எண்ணினர். எண்ணுதல் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே ஆள்கின்றோம். 116ஆம் பாட்டிலே கபிலர் அம்மகளிரைக் காண்கின்றார். சிறிய மனையொன்றின் குப்பை மேட்டில் ஏறி நின்று, உமணரின் உப்பு வண்டிகள் செல்வதை அவர்கள் ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டிருக்கின்றனர். பறம்பின் உச்சியில் நின்று, தந்தைமேல் வந்த வேந்தரின் குதிரைகளை முன்னர் எண்ணியவர்கள் அவர்கள். அந்தக் காட்சியைக் கண்டு தாங்காது கபிலர் தம் வாழ்நாள் தேய்ந்தொழிக என்கின்றார். சங்க இலக்கியத்தில் இதனினும் கொடிய காட்சியைக் காட்டுவது அரிது.

பின்னர்க் கபிலர் செய்தது நம் ஆராய்ச்சிக்கு முடிவான சான்று. நிகரல்லாதார்க்குத் தரமாட்டோம் என்று மறுத்த மரபிலே, கபிலர் அம்மகளிரை அழைத்துக்கொண்டு சிற்றரசர் வாயில்தோறும் செல்கின்றார். விச்சிக்கோனிடம் 200ஆம் பாட்டு: பாடாத முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்தவனின் மகளிர் இவர், யான் அந்தணன், புலவன், யான் தர நீ கொள்வாயாக. இருங்கோவேளிடம் 201ஆம் பாட்டு: துவரையை ஆண்டு நாற்பத்தொன்பது தலைமுறை வந்த வேளிருள் நீ வேள், கொள்வாயாக. விச்சிக்கோனும் கொள்ளவில்லை; இருங்கோவேளும் கொள்ளவில்லை. 202ஆம் பாட்டிலே, கழாத்தலையாரை இகழ்ந்த உன் முன்னோரின் அரையம் என்னும் நகர் அழிந்ததை நினை என்று வெகுண்டு கூறித் திரும்புகின்றார். ஒருகால் மூவேந்தரும் வேண்டி நின்றதாகச் சொல்லப்படும் பெண்களை இப்பொழுது கொள்வாரில்லை. கபிலர் அவர்களை ‘யான் தருகின்றேன்’ என்றே கூறுகின்றார். கொடை என்ற பெயரைக் கடைசி வரை விடவில்லை. விலையென்று சொல்ல ஒன்றுமில்லாதபோதும் அப்பெயரைக் காத்தார். முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர் வீரட்டானக் கல்வெட்டொன்று, கபிலர் பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்று கூறுகின்றது. பாட்டுக்கள் எழுந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் பொறிக்கப்பட்டது அது. மக்கள் நினைவு இக்கதைக்கு எத்தகைய முடிவை வேண்டிநின்றது என்பதையாவது அது காட்டும்.

பாரி மறுத்தது தவறு என்று இதனால் நாட்டவில்லை. படையோடு வந்து பெண் கேட்பவனுக்குக் கொடுப்பது அறம் என்று எவரும் சொல்லார். அவனது ஆண்மையைப் பண்பில்லாதது என்று அடைநெடுங்கல்வியாரே கூறிவிட்டார். மறுத்தவர் பாடிய பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுப்பின் செலவை எண்ணிய புலவரையும் மகளிரையும் விட்டுவிடும் நம் படிப்பு முறையே குறையுடையது என்கின்றோம். அக்குறையும் அக்கூச்சத்தின் கிளையேயாகும். தமையன்மார் எதைப் பார்க்க மறுத்தனரோ, அதைப் பார்க்க மறுத்தே நாமும் அவர்களைப் பாராட்டுகின்றோம்.

இத்துறையின் இறுதிப் பாட்டு 355ஆவது. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அப்புலவர் ஊரைச் சுற்றி வந்து பார்த்ததைக் கூறுகின்றார். மதிலில் ஞாயில் இல்லை. அகழியில் நீர் இல்லை. அதனுள்ளே கன்றுகள் மேய்ந்து துள்ளித் திரிகின்றன. ஊரின் நிலை இது. தந்தையோ எண்ணிப் பாராத மயக்கத்தில் இருக்கின்றான். அடுத்துத் தமையன்மாரைப்பற்றிச் சொல்லத் தொடங்குகின்றார். அதன்பின் ஏடு சிதைந்து பாட்டு முறிந்துவிடுகின்றது.